சுவரில் கீர்த்தனா போட்ட வழி

ஆகஸ்ட் 3, சனி

மூட்டம். மழை இல்லை. புழுக்கம் ஜாஸ்தி. நூலகச் சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. தட்டிப் பார்த்தேன், எதுவும் உதிரவில்லை.

நாளைக்கு வேண்டியது: மஞ்சள் இன்னொரு டப்பா. பழைய வேட்டித் துணி. சின்ன பிரஷ் (இருப்பதில் முடி கொட்டுகிறது). பிஸ்கட். தலைவலி மாத்திரை, எனக்கு.

இன்று சாக்பீஸ் வேலை மட்டும். தலைப்பு “எங்க ஊரு”. மூன்று வருடமாகச் சனி, ஞாயிறு இந்தக் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். சுவரில் வரைவது இதுதான் முதல் தடவை. பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிர்ச் சுவர். வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும். பதினைந்தாம் தேதி கிராம சபைக்கு பி.டி.ஓ. வரும்போது திறந்து வைக்கலாம் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருக்கிறார். தலைவர் என்றால் சுமதி. பேசுவதெல்லாம் அவர் வீட்டுக்காரர் ஏகாம்பரம்.

பாதிப் பிள்ளைகள் ஊர்த்தெரு, மீதி காலனி. முதல் வருடம் பிரஷ் கழுவுகிற குவளைகூடத் தனித்தனி. ஒரு அம்மா மகளிடம் சொந்தக் குவளை கொடுத்து அனுப்பினார். இப்போது எது யார் குவளை என்று யாருக்கும் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நான் சொன்ன விதி ஒன்றுதான். அவரவர் வீட்டை வரைய வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை தினம் நடக்கிற வழியை ஒரு நிறத்தில் இழுக்க வேண்டும்.

ஒரே கூத்து. செல்போன் டவர் கோயிலைவிட உயரம். கடிக்கிற நாய்க்குப் பல் மட்டும் தனியாக, பெரிதாக. ரேஷன் கடைப் பூட்டு. தலைவர் மகன் லோகேஷ், ஏழாவது, தன் வீட்டை ஏரி அளவுக்குப் போட்டுவிட்டான். அழித்துச் சின்னதாக்கினோம்.

கீர்த்தனா மட்டும் வேறு மாதிரி. ஆறாவது, காலனிப் பெண், பேச்சு கம்மி. அவள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருப்பது ஊர்த்தெரு ஒன்றுதான். நேராகப் போனால் சுவரில் ஒரு சாண். அவள் நீல சாக்பீஸை எடுத்தாள், வீட்டிலிருந்து எதிர்ப்பக்கம் போனாள். ஏரிக்கரை ஏறி, கரை முழுக்க வளைந்து, மோட்டார் கொட்டகை தாண்டி, வரப்பு வழியாகப் பள்ளியின் பின்பக்கம். பாதிச் சுவரைச் சுற்றி வந்தது கோடு.

“இவ்ளோ தூரமாம்மா?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் மிஸ் போவோம்.”

காலனியின் மற்ற மூன்று பிள்ளைகளும் தெரு வழியாக நேர்க்கோடு போட்டிருந்தார்கள். தினமும் அவளோடு கரையில் போகிறவர்கள்தான். அதில் ஒருவன், தப்பா போட்டுட்டா பாரு என்று மெதுவாகச் சொன்னான்.

லோகேஷ் வந்து பார்த்தான். “தெரு வழியா வந்தா சீக்கிரம் வந்துடலாமே. ஏன் சுத்தினு போற?”

உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அவள் விரலில் ஒட்டிய நீலத் தூளை ஊதினாள். ஏரிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று நான் பேச்சை மாற்றினேன்.

போன வருடத் திருவிழாவில் காலனிப் பையன் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமல் ஊர்த்தெருவில் வந்ததற்கு வாய்ச்சண்டை. கைகலப்பு வரை போய்ப் பெரியவர்கள் பேசி அடக்கினார்கள். அதன் பிறகு அம்மாக்கள் பிள்ளைகளைக் கரை வழியாக அனுப்புவதாகக் காதில் விழுந்தது. கொஞ்ச நாளில் சரியாகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வெயில். பெயின்ட் சீக்கிரம் காய்ந்தது, நல்லது.

நேற்று வழக்கம் போல் சுவரைப் படம் எடுத்து லதா மேடத்துக்கு அனுப்பினேன். வகுப்பை நடத்தும் டிரஸ்ட் அவருடையது. டவுனில் ஆசிரமம் பக்கம் மாடியில் ஆபீஸ். காலையில் நான் பல் தேய்க்கும்போதே போன். அந்த நீலக் கோடு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பிறகு குரலே மாறிவிட்டது. இத்தனை வருடத்தில் இதுதான் உண்மையான வேலை என்றார். அடுத்த ஞாயிறு டிரஸ்டுக்கு உதவி செய்கிறவர்கள் வருகிறார்கள், வெளிநாட்டுக்காரர்களும் உண்டு, நேராகச் சுவருக்கே அழைத்து வருகிறாராம். கோட்டை இன்னும் தடிமனாகப் போடச் சொல்லுங்கள் என்றார்.

தடிமனாகப் போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாக்பீஸ் கோடு, ஈரத் துணியால் ஒரு இழு இழுத்தால் போயிருக்கும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். போய்ப் பார்த்தால் கீர்த்தனா எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள், கையில் பிரஷ். நீலத்தில் தண்ணீர் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். ஒரு இடத்தில்கூடக் கை நடுங்காமல் முழுக் கோட்டையும் இழுத்தாள். முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்ன சொல்வது.

மத்தியானம் சுமதி வந்தார், லோகேஷைச் சாப்பிடக் கூப்பிட. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக டீ சாப்பிட்டீங்களா என்று கேட்பார். இன்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழம்புக்கு இரண்டு முறை உப்பு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

நேற்று முழுக்கப் போன் அடிக்கும்போதெல்லாம் திக்கென்றது. கேஸ்காரர், சீட்டு எடுத்த அக்கா, தப்பு நம்பர். இன்று வந்தே விட்டது. ஏகாம்பரம்.

மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் பயம். பிள்ளைகள் நன்றாக வரைந்திருக்கிறார்கள், ஊருக்கே அழகு என்று ஆரம்பித்தார். பிறகு லோகேஷ் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, கீர்த்தனா ஏன் நம் தெருவில் வருவதில்லை என்று கேட்டானாம். திங்கள் காலையும் கேட்டானாம். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகள் அதே கேள்வி. ஒரு வீட்டில் பெரியவருக்கும் மருமகளுக்கும் சண்டையே வந்துவிட்டதாம்.

“யாரும் யாரையும் வராதேன்னு சொல்லலீங்க டீச்சரம்மா. அவங்களா சுத்திப் போனா நாங்க இன்னா பண்றது? பி.டி.ஓ. வர்ற நேரத்துல இது எதுக்கு? அந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

எடுக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நூலக வராந்தா பஞ்சாயத்து இடம் என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையை நிறுத்தினார். எங்கள் பெயின்ட் கடைக்கு அந்த ஊரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், அது அல்ல அவர் கவலை. “நஸீமா, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாம நின்னா, நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நம்மளத்தான் சொல்வாங்க” என்றார். பிறகு, நீ பார்த்துச் செய் என்றார். அவர் தாத்தா காலத்திலிருந்து பஜாரில் கடை. யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் இருந்த குடும்பம். அதை அவர் சொல்லவே இல்லை. எனக்குத்தான் காதில் கேட்டது.

இரவு மோர் சாதம் மட்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வெயில், காற்று. லதா மேடத்தைப் பார்க்கப் போனேன். செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, மடியில் கீரைக்கட்டு.

மேடம் முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில், “அதை அழிச்சுட்டா நாம அங்க எதுக்குப் போறோம் நஸீமா? பூ, மயில் வரையவா?” என்றார்.

அவர் சொல்வதும் சரி. வெளியூரிலிருந்து வந்து தன் வேலையை விட்டுவிட்டு இதைச் செய்கிறவர். படம் எடுத்துப் பேர் வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தால் அநியாயம். ஆனால் சுவர் அவருக்கு வாட்ஸப்பில் இருக்கிறது. கீர்த்தனாவுக்கு வீட்டு வாசலில் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அம்மாவைக் கேட்டீர்களா என்றார். இல்லை என்றேன். கேட்டதும்தான் உறைத்தது. எல்லோரையும் கேட்டிருக்கிறேன், ஏகாம்பரம், இவர், மேடம். அந்த வீட்டில் மட்டும் யாரையும் கேட்கவில்லை.

வரும்போது மருந்துக்கடை. தலைவலி மாத்திரை, ஜெலுசில். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு மாற்ற மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வேங்கிக்காலில் நின்றபோது கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை மனு நாள் பலகை. திங்களன்று வந்து நாமும் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. யார் பெயரில் எழுதுவது? யாரைப் பற்றி? யாரும் யாரையும் தடுக்கவில்லை என்றுதானே எல்லோரும் சொல்வார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது.

வராந்தாவில் பிள்ளைகள் கம்மி. ஊர்த்தெருவிலிருந்து லோகேஷ் இல்லை, அவன் கூட்டாளிகள் இல்லை, இரண்டு சின்னப் பெண்கள் மட்டும். அவர்களும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கையில் ஆளுக்கொரு குவளை. எவர்சில்வர், புதுசு. அதைப் பார்த்ததும் ஏதோ கையிலிருந்து நழுவின மாதிரி. மூன்று வருடம்.

கீர்த்தனாவும் வரவில்லை. மற்றவர்களுக்குக் கலர் பென்சில் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அம்மா அஞ்சலை. ரைஸ் மில்லில் வேலை, சனிக்கிழமை அரை நாள், அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலி தேடப் போனவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். நான் குடிக்கிறேனா என்று பார்த்தார்.

மில்லுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம், ஊர்த்தெரு ஆட்கள் யாரோ. திட்டவில்லை. உன் பொண்ணு நல்லா படம் போடுறாளே என்றார்களாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அஞ்சலைக்குத் தூக்கமில்லை.

மேடம் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். உண்மை, உரிமை, வெளியிலிருந்து வருகிறவர்கள். என் வாயிலேயே அது யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீங்க சாயங்காலம் பஸ் ஏறிப் போய்க்கினே இருப்பீங்கம்மா. உங்க மேடம் கூட்டினு வர்றவங்களும் கார்ல ஏறிப் போயிடுவாங்க. திங்கக்கெழம காலைல எம்பொண்ணு அந்தக் கரை மேலதான் நடக்கணும். அழிச்சுடுங்க.”

உள்ளே கீர்த்தனா. தலையைக் குனிந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நடக்கிற வழியப் போடணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நீ சரியாகத்தான் போட்டாய் என்றேன். அப்படியானால் ஏன் அழிக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். அவளையே வந்து அழிக்கச் சொல்லட்டுமா என்று அஞ்சலை கேட்டார். வேண்டாம், அவள் கையால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக மேடத்துக்குப் போன். கீர்த்தனாவின் அம்மா சொல்லிவிட்டார், அழிக்கிறேன், யாரையும் அழைத்து வர வேண்டாம் என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். மேடம் சரி என்றார். வகுப்பைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். பிறகு என்றால் எப்போது? கோபமா, வருத்தமா? திரும்ப அழைக்கப் போனை எடுத்து வைத்தேன். அழைக்கவில்லை.

டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள். ஏகாம்பரமும். யாரும் கிட்டே வரவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நான் மட்டும். புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். வயலுக்கு அடித்த பச்சையைக் கலந்து நீலத்தின் மேல் இழுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி. வரப்பு. மோட்டார் கொட்டகை. கரை. கரைக்குப் பழுப்பு தனியாகக் கலக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை அடித்ததில் நீலம் உள்ளேயிருந்து தெரிந்தது. காயக் காய இன்னும் தெரிந்தது.

இன்னொரு கோட்டிங் அடிச்சுடுங்க டீச்சரம்மா என்று பெஞ்சிலிருந்தே சொன்னார் ஏகாம்பரம். அடித்தேன்.

அப்போதுதான் லோகேஷ் வந்தான். வீட்டில் தெரியாமல் வந்திருப்பான், சட்டையில்லை. ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

“அப்ப அவ எந்த வழியா போவா மிஸ்?”

எல்லோர் காதிலும் விழுந்தது. ஏகாம்பரம் எழுந்து, வீட்டுக்குப் போடா என்றார், சத்தம் போடாமல். அவன் போகவில்லை. அப்பாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பிறகு போனான்.

இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். எல்லா வீட்டிலிருந்தும் ஒரு நிறம் கிளம்பிப் பள்ளிக்குப் போகிறது. மஞ்சள், சிவப்பு, ஊதா, ஆரஞ்சு. கீர்த்தனாவின் வீடு மட்டும் கதவோடு, ஜன்னலோடு, வாசலில் அவள் போட்ட கோழியோடு சும்மா நிற்கிறது. ஒரு பாதையும் இல்லை. கோடு இருந்தபோதுகூட இவ்வளவு கண்ணில் படவில்லை.

இது யாருக்காவது தோன்றுமா? தோன்றினால் நல்லதா கெட்டதா? பஸ் வந்துவிட்டது. ஏணியை வராந்தாவில் சாய்த்துவிட்டு ஏறினேன். அழுகை வரவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை.

கையில் பச்சை, தேய்த்தும் போகவில்லை. இவர் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ராத்திரி நல்ல மழை. விடியும்போது நின்றிருந்தது. கரை வழுக்கும் என்பதுதான் கண் விழித்ததும் முதல் நினைப்பு. ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியவில்லை.

வீட்டில் இருக்க முடியவில்லை. கடை ஏணியை எடுத்து வரப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். ஏணிக்கு ஒரு அவசரமும் இல்லை என்று அவருக்கும் தெரியும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். பாதி இட்லி.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுவர். பச்சை காய்ந்து ஒரு மாற்றுக் குறைவாக நிற்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். யாரும் அதன் மேல் ஒன்றும் எழுதவில்லை, கிறுக்கவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பள்ளி நேரம். ஊர்த்தெருவிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். சுமதி தன் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். லோகேஷ் வெகு நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டானாம், வழியில் பார்த்தீர்களா என்று பிள்ளைகளைக் கேட்டார். இல்லை என்றார்கள். நேற்று அவன் கேட்ட கேள்வி, வீட்டில் அடி விழுந்திருக்கும், கோபித்துக்கொண்டு எங்காவது போயிருந்தால்? ராத்திரி மழையில் ஏரி நிறைந்திருக்கும். யார் காரணம்?

கரைப் பக்கம் திரும்பினேன்.

முதலில் தலைகள் மட்டும்தான் தெரிந்தன, கரை மேட்டுக்கு அந்தப் பக்கம். காலனிப் பிள்ளைகள் நான்கு பேர்தான் அந்த வழியாக வருவார்கள். வரிசை அதைவிட நீளமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். முன்னால் கீர்த்தனா, சேற்றுக்காகச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. அவளுக்குப் பின்னால் லோகேஷ். அவன் கையிலும் செருப்பு. பின்னால் காலனிப் பிள்ளைகள். நடுவில், சனிக்கிழமை எவர்சில்வர் குவளையோடு வந்த அந்த இரண்டு சின்னப் பெண்கள், பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு. எல்லோரும் மெதுவாக, அடி பார்த்து.

ஊர்த்தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் விடிந்ததும் கிளம்பித் தெரு வழியாகக் காலனிக்குப் போய், அங்கிருந்து திரும்பி அவளோடு கரை ஏறியிருக்கிறார்கள். வேறு எப்படி?

ஏகாம்பரம் டீக்கடையில் இருந்தார். நான் பார்க்கும் பக்கம் அவரும் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“டீச்சரம்மா, இதுவும் நீங்க சொல்லிக் குடுத்ததா?”

“இல்லீங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

நம்பினாரா தெரியவில்லை. வண்டிச் சாவியை எடுத்தார். இந்தச் சேற்றில் கரையில் வண்டி ஏறாது, அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். சுமதியும் வந்து நின்றார்.

சாயங்காலம் இந்தப் பையனுக்கு வீட்டில் என்ன நடக்கும்? அந்தச் சின்னப் பெண்களுக்கு? மில்லில் அஞ்சலைக்கு யார் என்ன சொல்வார்கள்? இன்றைக்கு வந்தார்கள், நாளைக்கு வருவார்களா?

பள்ளியில் பெல் அடித்தது. தெருவில் பிந்தி வந்த பிள்ளைகள் பையை இறுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கரையில் யாரும் ஓடவில்லை.